எருசலேமிலிருந்து எட்டொன்பது கிலோமீட்டர்: பெத்லகேம் பயணத்தின் பொருள்

லூக்கா நற்செய்தி அந்தப் பயணத்துக்கு ஒதுக்கியிருப்பது இரண்டே வசனம். கலிலேயாவில் உள்ள நாசரேத்திலிருந்து யூதேயாவில் உள்ள பெத்லகேமுக்கு யோசேப்பு போனார். அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மரியாள் கர்ப்பிணியாக உடன் போனார். அவ்வளவுதான். எந்த வழியாகப் போனார்கள், எத்தனை நாள் ஆயிற்று, வழியில் எங்கே தங்கினார்கள், துணைக்கு யார் வந்தார்கள் என்று ஒரு சொல்லும் இல்லை. வாழ்த்து அட்டைகளில் தவறாமல் வந்துவிடும் கழுதையும் லூக்காவில் கிடையாது. ஊர் போய்ச் சேர்ந்த அன்றிரவே பிரசவம் ஆனது என்பதும் நாம் சேர்த்துக்கொண்டதே. அவர்கள் அங்கே இருக்கும்போது நாள் நிறைவேறியது என்றுதான் லூக்கா எழுதுகிறார்.

மத்தேயுவில் இந்தப் பயணமே இல்லை. அவர் கதையில் குடும்பம் முதலிலிருந்தே பெத்லகேமில் ஒரு வீட்டில் இருப்பதாகத் தோன்றுகிறது. நடக்கிறவர்கள் வேறு ஆட்கள்: கிழக்கிலிருந்து ஞானிகள் வருகிறார்கள், அவர்கள் போன பிறகு குடும்பம் எகிப்துக்கு ஓடுகிறது. இரண்டு நற்செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று பிடிபடும். இந்தக் கதையில் யாருமே தாம் நினைத்த பயணத்தை நினைத்தபடி போய் முடிக்கவில்லை. ஒருவரை அரசாணை கிளப்பிவிடுகிறது. சிலர் வேறு ஊருக்குப் போய் நிற்கிறார்கள். சிலர் வேலையைப் பாதியில் விட்டு நள்ளிரவில் ஓடுகிறார்கள். கிறிஸ்து பிறப்பை நோக்கிய பயணத்துக்கு ஆன்மீகப் பொருள் தேடும் எழுத்துகள் பெரும்பாலும் அமைதி, தேடல், உள்முகம் என்று ஆரம்பிக்கின்றன. நற்செய்தியோ அரசாங்கப் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொள்ளும் வேலையில் ஆரம்பிக்கிறது. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் போனால், கதையை விட்டுவிட்டு நம் மனநிலையைத்தான் படித்துக்கொண்டிருப்போம்.

லூக்கா விட்ட இடைவெளியை 2-ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் நிரப்பப் பார்த்திருக்கிறார். யாக்கோபின் பெயரில் வழங்கும், ஆனால் விவிலியத்தில் சேர்க்கப்படாத ஒரு பழைய நூலில்தான் கழுதை வருகிறது. யோசேப்பு அதற்குச் சேணம் கட்டி மரியாளை ஏற்றுகிறார். மகன் பிடித்து நடத்த, அவர் பின்னால் வருகிறார். பெத்லகேம் நெருங்கும்போது திரும்பிப் பார்க்கிறார், மரியாளின் முகம் வாடியிருக்கிறது. வயிற்றில் இருப்பது வருத்துகிறது போலும் என்று நினைத்துக்கொள்கிறார். மறுபடி பார்த்தால் சிரிக்கிறார். ஒரு சமயம் வாட்டமும் ஒரு சமயம் சிரிப்புமாக இருக்கிறாயே, என்ன என்று கேட்கிறார். இரண்டு மக்கள்கூட்டம் என் கண்ணுக்குத் தெரிகிறது, ஒன்று அழுது புலம்புகிறது, மற்றது மகிழ்ந்து களிக்கிறது என்கிறார் மரியாள். கொஞ்ச தூரம் போனதும், என்னை இறக்கிவிடுங்கள், உள்ளே இருப்பது வெளியே வர நெருக்குகிறது என்கிறார். வழியில் ஒரு குகையைத்தான் யோசேப்பால் தேடிக் கொடுக்க முடிகிறது.

வரலாற்றுச் சான்றாக இதற்கு மதிப்பில்லை. ஆனால் அதை எழுதியவர் அந்தப் பாதையை நன்றாகவே யோசித்திருக்கிறார். கணவன் ஒன்று நினைக்கிறான், மனைவி வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் பக்கத்தில் போகும் இருவருக்கும் பாதை ஒன்றாக இல்லை. பின்னால் வந்த பக்தி இலக்கியம் இந்த நுட்பத்தைத் தொலைத்துவிட்டு கழுதையை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டது.

வழி எப்படிப்பட்டது

நாசரேத்துக்கும் பெத்லகேமுக்கும் இடையே, எந்த வழியாகப் போகிறோம் என்பதைப் பொறுத்து, ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஒரு வழி சமாரியா மலைநாட்டின் நடுவே போவது. கலிலேயர்கள் திருவிழாவுக்கு எருசலேம் போக அதைப் பயன்படுத்தினார்கள் என்றும், அவ்வழியே மூன்று நாளில் எருசலேமை எட்டலாம் என்றும் 1-ஆம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். அது திடகாத்திரமான ஆள் விரைந்து நடக்கும் கணக்கு. நிறைமாதக் கர்ப்பிணியோடு நாளுக்கு 25 கிலோமீட்டர் நடந்தாலே பெத்லகேமுக்கு 6 நாள் ஆகிவிடும். மற்றொரு வழி யோர்தான் பள்ளத்தாக்கில் இறங்கி எரிகோ வரை போய், அங்கிருந்து ஏறுவது. எரிகோ கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 250 மீட்டரில் இருக்கிறது, எருசலேம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 750 மீட்டரில். பயணத்தின் கடைசிப் பகுதியில், உடம்பு ஓய்ந்த நேரத்தில், நிழலில்லாத பாலைவழியில் ஓராயிரம் மீட்டர் ஏற்றம்.

மரியாளுக்கு இந்தப் பக்கம் புதிதல்ல. கருவுற்றதும் உறவினர் எலிசபெத்தைப் பார்க்க யூதேயா மலைநாட்டுக்கு விரைந்து போனதாகவும், ஏறக்குறைய மூன்று மாதம் தங்கித் திரும்பியதாகவும் அதே லூக்கா சொல்கிறார். அது அவராகப் போன பயணம், பாட்டோடு முடிந்தது. இரண்டாவது போகச் சொன்ன பயணம். பாட்டு எதுவும் பதிவாகவில்லை.

பெத்லகேமுக்குள் நுழையும் வழியில் ஒரு பழைய நினைவும் கிடக்கிறது. முற்பிதா யாக்கோபு தன் குடும்பத்தோடு இதே பாதையில் வரும்போதுதான் அவர் மனைவி ராகேலுக்குப் பிரசவ வலி எடுத்தது. பிள்ளை பிறந்தது, தாய் பிழைக்கவில்லை. வழியோரத்திலேயே அடக்கம் செய்து ஒரு தூணை நட்டார் என்கிறது ஆதியாகமம். வேதத்தில் ஊறிய யூதக் குடும்பம் ஒன்று, நிறைமாதப் பெண்ணோடு இந்த இடத்தைத் தாண்டும்போது அதை நினைக்காமல் போயிருக்குமா? லூக்கா சொல்லவில்லை. மத்தேயு மட்டும், யூதேயாவின் மன்னன் ஏரோது குழந்தைகளைக் கொன்ற இடத்தில், ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள் என்ற எரேமியாவின் வரியை எடுத்து வைக்கிறார்.

ரோமை அரசு போட்ட பாதை

யோசேப்பைப் பெத்லகேமுக்குக் கிளப்பிவிட்ட குடிமதிப்பு, அதாவது மக்கள் கணக்கெடுப்பு, விவகாரத்தில் வரலாற்றுச் சிக்கல் உண்டு. அதை மறைப்பதில் லாபமில்லை. சிரியாவின் ஆளுநராகக் குரேனியு இருந்தபோது யூதேயாவில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு யோசேபஸின் தகவல்படி கி.பி. 6-இல் நடந்தது. ஏரோது இறந்தது கி.மு. 4 என்பது பெரும்பாலானவர்கள் ஏற்கும் கணக்கு. இயேசு ஏரோதின் காலத்தில் பிறந்தார் என்று மத்தேயு சொல்கிறார். லூக்காவும் தன் கதையை ஏரோதின் காலத்தில்தான் தொடங்குகிறார். நடுவில் பத்து ஆண்டு இடிக்கிறது. முந்தைய பதிவு ஒன்று இருந்திருக்கலாம் என்று சிலரும், லூக்கா இரண்டு நிகழ்வுகளைக் கலந்துவிட்டார் என்று பலரும் சொல்கிறார்கள். இரண்டாவது தரப்பின் வாதம்தான் எனக்கு வலுவாகப் படுகிறது. அதனால் லூக்கா அந்த இடத்தில் செய்யும் காரியம் ஒன்றும் குறைந்துபோவதில்லை.

அவர் செய்வது இது. கி.பி. 6-இன் கணக்கெடுப்பு வரி விதிப்பதற்கானது. அதை எதிர்த்துக் கலிலேயனாகிய யூதா என்பவர் கலகம் செய்தார், அழிந்தார், அவரைப் பின்பற்றியவர்கள் சிதறினார்கள். அப்போஸ்தலர் பணிகள் என்ற நூலில் லூக்காவே இதைக் குறிப்பிடுகிறார். அப்படியென்றால் அவருடைய முதல் வாசகர்களுக்கு குடிமதிப்பு என்றாலே ரத்த வாடை அடித்திருக்கும். அந்தப் பின்னணியில் இன்னொரு கலிலேயர், கலகமும் செய்யாமல் அரசனைப் புகழவும் செய்யாமல், பெயர் கொடுக்க நடந்து போகிறார். ஆணை போட்டவர் ரோமைப் பேரரசர் அகுஸ்து. அவருடைய பிறந்தநாளே உலகுக்கு நற்செய்தியின் தொடக்கம் என்று சின்ன ஆசியாவின் பிரியேனே நகரில் கி.மு. 9-இல் கல்வெட்டே வெட்டிவைத்திருந்தார்கள். லூக்காவின் வானதூதன் மேய்ப்பர்களிடம் வந்து, நற்செய்தி, மீட்பர், பிறந்திருக்கிறார் என்று அறிவிக்கும்போது, அரண்மனைக்கென்று ஒதுக்கியிருந்த சொற்கள் தொழுவத்துக்கு வந்துவிடுகின்றன. அகுஸ்து தன் பதிவேட்டுக்காக மக்களை நகர்த்துகிறார். தாவீதின் ஊரில் பிள்ளை பிறக்க வேண்டும் என்ற இறைவாக்கினர் மீகாவின் வாக்குக்கு அந்தப் பதிவேடே வண்டியாகிவிடுகிறது.

விரும்பாத வழியில் நடக்க நேர்ந்தவர்களுக்கு இதில் ஆறுதல் இருக்கிறது என்று பல மறையுரைகள் சொல்லும். இருக்கலாம். ஆனால் எல்லாம் நன்மைக்கே என்று லூக்கா சொல்லவில்லை. ஆணை அநியாயமானதாகவே இருக்கட்டும், அதன் நடுவிலும் வேறொன்று நடந்துகொண்டிருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அந்த அளவுதான் சரி.

வழி தெரிந்தவர்கள், வழி கேட்டவர்கள்

ஞானிகளின் கதைக்கு வருவோம். மூன்று பேர் என்று மத்தேயு எண்ணிக்கை சொல்லவில்லை. மூன்று காணிக்கைகளை வைத்து நாம் எண்ணிக்கொண்டோம். சிரிய மரபில் பன்னிரண்டு பேர். அரசர்கள் என்றும் அவர் சொல்லவில்லை. அது 72-ஆம் சங்கீதத்திலிருந்தும் ஏசாயாவிலிருந்தும் ஒட்டிக்கொண்டது. நட்சத்திரம் எது என்ற ஆராய்ச்சி வானியலாளர் கெப்ளர் காலத்திலிருந்து நடக்கிறது. கி.மு. 7-இல் வியாழனும் சனியும் நெருங்கித் தெரிந்ததை அவர் கணக்கிட்டுக் காட்டினார். அதைப் படிக்கச் சுவாரசியமாக இருக்கும். கதையின் மையத்துக்கு அது போவதில்லை.

மையம் எருசலேமில் இருக்கிறது. யூதரின் ராஜா பிறந்திருக்கிறார் என்றால் தலைநகரில்தானே பிறந்திருப்பார் என்ற நியாயமான எண்ணத்தோடு ஞானிகள் அங்கே போய் நிற்கிறார்கள். வானத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரைத் தவறவிட்டார்கள். ஏரோது கலங்குகிறான், அவனோடு எருசலேம் முழுவதும் கலங்குகிறது. தலைமைக் குருக்களையும் மறைநூல் அறிஞர்களையும் கூட்டி மெசியா எங்கே பிறப்பார் என்று விசாரிக்கிறான். அவர்களுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. யூதேயாவிலுள்ள பெத்லகேமில் என்று மீகாவை ஒப்பிக்கிறார்கள். பதில் சரி, மேற்கோளும் சரி. ஞானிகள் கிளம்பிப் போகிறார்கள். அறிஞர்களில் ஒருவரும் கூடப் போகவில்லை.

எருசலேமிலிருந்து பெத்லகேம் எட்டொன்பது கிலோமீட்டர்தான். காலையில் போய் மதியத்துக்குத் திரும்பிவிடலாம். எத்தனையோ தேசம் தாண்டி வந்தவர்கள் அந்தத் தூரத்தை நடக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தவர்கள் நடக்கவில்லை. மறைநூல் அறிஞர்கள் மைல்கற்களைப் போன்றவர்கள், போகிறவர்களுக்கு வழி காட்டிவிட்டுத் தாங்கள் அசையாமல் நின்றுவிட்டார்கள் என்று புனித அகுஸ்தீன் ஒரு மறையுரையில் சொன்னார். கடுமையான வாக்குதான். யூதர்களைக் குத்திக்காட்ட இதைப் பயன்படுத்திய ஒரு மோசமான வரலாறு திருச்சபைக்கு இருக்கிறது. அப்படிப் படிப்பது கதையையே தலைகீழாக்குவது. மத்தேயுவும் யூதர், குழந்தையும் யூதர். இன்று மீகாவை ஒப்பிக்கத் தெரிந்தவர்கள் யார் என்று பார்த்தால் அந்த மைல்கல் நம் பக்கம் வந்து நிற்கும். வேத வசனம் அத்துப்படியாகத் தெரிந்த, ஆண்டுதோறும் டிசம்பரில் இதே பகுதியை வாசிக்கிற, வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிடுகிற ஆட்களுக்காகவே எழுதிய பத்தி அது.

இன்னொன்றையும் கவனிக்கலாம். எருசலேமை விட்டு வெளியே வந்த பிறகுதான் நட்சத்திரம் மறுபடி முன்னே போகிறது, அவர்கள் அளவில்லாமல் மகிழ்கிறார்கள். வழி தெரியாமல் நின்று, அதுவும் ஏரோதிடம் போய்க் கேட்டு, கிடைத்த பதிலை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கியபோதுதான் வெளிச்சம் திரும்புகிறது. வெளிச்சம் வரட்டும், பிறகு கிளம்பலாம் என்பவர்களுக்கு மத்தேயுவிடம் சாதகமான சாட்சி கிடைக்காது.

திரும்பிப் போகும் வழியும் மாறிவிடுகிறது. கனவில் எச்சரிக்கப்பட்டு ஞானிகள் வேறு வழியாய் நாடு திரும்புகிறார்கள். குழந்தையைக் கண்டவர்கள் பழைய வழியில் போக முடியாது என்று இதற்கு அழகான விளக்கம் கொடுப்பது வழக்கம். கதையில் இருக்கும் காரணம் அதைவிடச் சாதாரணமானது: ஏரோதுக்குத் தகவல் கொடுக்கக் கூடாது. ஆன்மீக விளக்கத்தில் அரசியல் காணாமல் போகும்போதெல்லாம் கதை மெலிந்துவிடுகிறது. தகவல் கொடுக்க மறுப்பதுதான் அங்கே வழிபாட்டின் தொடர்ச்சி. பிறகு யோசேப்பு இரவோடிரவாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார். ஏரோது இறந்த பின் யூதேயாவுக்குத் திரும்பலாம் என்று வந்தால், அங்கே ஏரோதின் மகன் ஆர்கெலாயு ஆளுகிறான் என்று கேள்விப்பட்டுப் பயந்து கலிலேயாவுக்கு விலகிப் போகிறார். மத்தேயுவின் கணக்கில் நாசரேத்து இவர்கள் நினைத்துப் போன ஊரல்ல, ஒதுங்கிய ஊர்.

மேய்ப்பர்களின் பயணம் மிகக் குறுகியது. வயலிலிருந்து ஊருக்குள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அடையாளமும் எளியது, துணியில் சுற்றி முன்னணையில், அதாவது தீவனத் தொட்டியில், கிடத்திய பிள்ளை. போனார்கள், பார்த்தார்கள், சொன்னார்கள், அதே ஆடுகளிடம் திரும்பினார்கள். கடவுளைப் புகழ்ந்துகொண்டே திரும்பினார்கள் என்று லூக்கா சேர்க்கிறார். வேலை மாறவில்லை.

திருச்சபை காலத்தில் போட்ட பாதை

பெத்லகேமுக்கு எல்லோராலும் போக முடியாது. ஆகவே திருச்சபை அந்த வழியை நாட்காட்டிக்குள் கொண்டுவந்தது. ஸ்பெயினில் சரகோசா நகரில் 380-இல் கூடிய சங்கம், டிசம்பர் 17 முதல் ஜனவரி 6 வரை யாரும் ஆலயத்துக்கு வராமல் இருக்கக் கூடாது என்று விதித்தது. 5-ஆம் நூற்றாண்டில் தூர் நகர ஆயர் பெர்பெத்துவஸ், நவம்பர் 11-இல் வரும் புனித மார்ட்டின் திருநாளிலிருந்து கிறிஸ்துமஸ் வரை வாரம் மூன்று நாள் நோன்பு என்று வைத்தார். ரோமை வழிபாட்டில் அது திருவருகைக் காலம் என்ற பெயரில் நான்கு ஞாயிறுகளாக நிலைபெற்றது. மிலான் நகரின் அம்புரோசு மரபில் இன்றும் ஆறு ஞாயிறு. கீழைத் திருச்சபைகளில் நவம்பர் 15-இல் தொடங்கும் 40 நாள் நோன்பு.

இந்தக் காலத்தின் வாசகங்களை வரிசையாகப் பார்க்கிறவர்களுக்கு முதலில் ஒரு குழப்பம் வரும். முதல் ஞாயிறில் குழந்தையும் இல்லை, பெத்லகேமும் இல்லை. உலக முடிவு இருக்கிறது: விழித்திருங்கள், நாள் தெரியாது, நோவாவின் காலத்தில் நடந்ததுபோல நடக்கும். இரண்டாம் மூன்றாம் ஞாயிறுகளில் பாலைநிலத்தில் நின்று குரல் கொடுக்கும் திருமுழுக்கு யோவான். மரியாளும் யோசேப்பும் நான்காம் ஞாயிறில்தான் வருகிறார்கள். கடைவீதிகளில் நவம்பரிலேயே குடில் வைத்துவிடுகிறார்கள். வழிபாடு கடைசி வாரம் வரை அதைக் காட்டாமல் வைத்திருக்கிறது.

காரணம் எளிது. பழைய நிகழ்ச்சி ஒன்றை நினைவுகூர்வதற்கு மட்டும் இந்தக் காலம் ஏற்படவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடாதிபதி பெர்னார்டு தன் துறவிகளுக்கு மூன்று வருகைகளைப் பற்றிப் பேசினார். முதல் வருகை உடலெடுத்து, பலவீனத்தில். கடைசி வருகை மாட்சியில். இரண்டுக்கும் நடுவே மறைவான ஒன்று, உள்ளத்துக்குள், ஆவியில். அந்த நடு வருகை, முதல் வருகையிலிருந்து கடைசி வருகைக்குக் கூட்டிப்போகும் ஒரு பாதை போன்றது என்றார். நாம் அவரை நோக்கி நடப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். பெர்னார்டின் கணக்கில் நடந்துவருகிறவர் அவர், அந்த வருகையையே நாம் பாதையாகக் காலுக்கடியில் வைத்திருக்கிறோம். யோவான் கேட்பதும் ஆண்டவருக்கு வழியை ஆயத்தப்படுத்துங்கள் என்றுதான். பள்ளத்தை நிரப்பு, மேட்டைத் தாழ்த்து என்பது நாம் போவதற்கு அல்ல, அவர் வருவதற்கு. எப்படித் தாழ்த்துவது என்று கேட்டவர்களுக்கு யோவான் தியான முறை சொல்லவில்லை. இரண்டு அங்கி இருந்தால் ஒன்றைக் கொடு, விதித்ததற்கு மேல் வரி வாங்காதே, சம்பளம் போதும் என்றிரு என்றார்.

பெத்லகேமில் குடியிருந்தவர் சொன்னது

நிஜமாகவே நடந்துபோனவர்களும் உண்டு. 380-களில் எகேரியா என்ற பெண்மணி மேற்குக் கோடியிலிருந்து புனித நாடு வந்து, பார்த்ததையெல்லாம் எழுதிவைத்தார். கொன்ஸ்தந்தீன் காலத்தில் எழும்பிய பெத்லகேம் ஆலயம் அப்போது புதியது, 339-இல் அர்ச்சிக்கப்பட்டது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் அங்கே போய்வந்த நீசா நகர் ஆயர் கிரகோரி நேர் எதிராக எழுதினார்: இடம் மாறுவதால் கடவுள் பக்கத்தில் வந்துவிட மாட்டார். கன்னியிடம் அவர் மனிதரானதைப் பெத்லகேமைப் பார்ப்பதற்கு முன்பே அறிந்திருந்தோம் என்றார். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் சொன்னதால் அந்தப் பேச்சுக்கு எடை கூடுகிறது.

இன்னும் வேடிக்கையானது ஜெரோமின் நிலை. ரோமிலிருந்து வந்து 386-இல் பெத்லகேமில் குடியேறி, 420-இல் இறக்கும்வரை பிறப்புக் குகையின் பக்கத்திலேயே இருந்து விவிலியத்தை மொழிபெயர்த்தவர் அவர். புனித நாட்டுக்கு வரட்டுமா என்று யோசித்த ஒரு நண்பருக்கு அவர் எழுதிய கடிதத்தில், வானகத்தின் வாசல் எருசலேமிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் ஒரே அளவில்தான் திறந்திருக்கிறது, இறையாட்சி உங்களுக்குள் இருக்கிறது என்றார். பிரித்தானியா என்றால் அன்றைய உலகின் ஓரம். சொல்லிவிட்டு அவர் பெத்லகேமிலேயே இருந்துகொண்டார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இவர்கள் எல்லோரைவிடவும் சரியாகப் புரிந்துகொண்டவர் ஜெரோமோடு வந்த பவுலா என்று நினைக்கிறேன். ரோமைப் பிரபுக் குடும்பத்து விதவை. குகைக்குள் நுழைந்தபோது, துணியில் சுற்றிய பிள்ளை முன்னணையில் அழுவதை விசுவாசக் கண்ணால் காண்கிறேன் என்று சொன்னதாக ஜெரோம் எழுதுகிறார். அதோடு நின்றிருந்தால் அவரும் பத்தோடு பதினொன்று. பவுலா பெத்லகேமில் மடங்களைக் கட்டியதோடு, சாலையோரத்தில் வழிப்போக்கர்களுக்கு ஒரு தங்குமிடமும் கட்டினார். ஜெரோம் கொடுக்கும் காரணம் ஒரே வரி: மரியாளுக்கும் யோசேப்புக்கும் அங்கே தங்க இடம் கிடைக்கவில்லை. முந்நூற்றுச் சொச்சம் ஆண்டு கழித்து வந்து அந்தக் குறையைத் தீர்க்கப் பார்த்திருக்கிறார். பயணத்தின் பொருளை அவர் தியானத்தில் மட்டும் தேடவில்லை, கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிவைத்தார்.

மெக்சிகோவில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது மாலைகளில் நடக்கும் 'போசாதாஸ்' இதன் இன்னொரு வடிவம். வெளியே நிற்பவர்கள் யோசேப்பாகவும் மரியாளாகவும் இடம் கேட்டுப் பாடுகிறார்கள், உள்ளே இருப்பவர்கள் இல்லை என்று பாடி மறுக்கிறார்கள், கடைசியில் கதவு திறக்கிறது. மறுக்கும் வரிகளைப் பாடுவதற்கும் பக்தியுள்ள அதே ஊர் மக்களே நிற்கிறார்கள் என்பதுதான் அதில் கூர்மையான இடம்.

இன்றைய பெத்லகேமில் ஆலயத்தின் வாசல் சுமார் 1.2 மீட்டர் உயரம்தான். குனியாமல் யாரும் நுழைய முடியாது. கீழே குகையில் 14 முனைகள் கொண்ட வெள்ளி நட்சத்திரம் தரையில் பதிந்திருக்கிறது. 1847-இல் அது காணாமல் போனபோது எழுந்த தகராறு, கிரீமியப் போருக்கு இட்டுச்சென்ற காரணங்களில் ஒன்றாயிற்று. சமாதானப் பிரபு பிறந்த இடத்தில் பதித்த நட்சத்திரத்துக்காக வல்லரசுகள் முறைத்துக்கொண்டன. 2002-இல் இஸ்ரேல் கட்டத் தொடங்கிய தடுப்புச் சுவர் இப்போது எருசலேமுக்கும் பெத்லகேமுக்கும் நடுவே நிற்கிறது. சோதனைச் சாவடி தாண்டி எருசலேம் போகப் பெத்லகேம் பாலஸ்தீனர்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். காசா போரின் காரணமாக 2023-இலும் 2024-இலும் பெத்லகேம் கொண்டாட்டங்களைக் கைவிட்டு வழிபாட்டோடு நிறுத்திக்கொண்டது. 2023-இல் அங்குள்ள லூத்தரன் ஆலயத்தில் குழந்தை இயேசுவை இடிபாட்டுக் கற்களின் நடுவே கிடத்தினார்கள். பதிவேடும் அனுமதியும் ஆயுதமும் லூக்காவின் முதல் வரிகளிலேயே இருந்தவை. அட்டைப் படங்களில்தான் அவை இல்லாமல் போயின.

போகாமல் போவது

1223 கிறிஸ்துமஸுக்கு அசிசி பிரான்சிஸ், இத்தாலியின் கிரேச்சோ என்ற மலையூரில் ஒரு தொட்டியும் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும் ஏற்பாடு செய்யச் சொன்னார். குழந்தைக்கு எந்தெந்த வசதி இல்லாமல் இருந்தது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். நான்கு ஆண்டுகளுக்கு முன் எகிப்து போய் சுல்தானையே சந்தித்துவிட்டு வந்தவர். கடல் தாண்டியவருக்கு இப்போது பெத்லகேமை வீட்டுப் பக்கத்திலேயே அமைக்கத் தோன்றியிருக்கிறது. அந்தத் தொட்டியின்மேல் திருப்பலி நடந்தது. பொம்மைகளால் நிறைந்த இன்றைய குடில்களின் தொடக்கத்தை அங்கே சொல்வார்கள். பிரான்சிஸின் வாழ்க்கையை எழுதிய தொமாஸ் செலானோவின் பதிவில் தொட்டியில் பொம்மை எதுவும் வைத்ததாக இல்லை.

பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இக்னாசியார் 1523-இல் எருசலேம் போனார். வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்துவிட நினைத்தார். புனித இடங்களைக் காத்துவந்த பிரான்சிஸ்கன் சபையினர், இருந்தால் சபைநீக்கம் என்று எச்சரித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருக்கும் நினைத்த பயணம் நினைத்தபடி முடியவில்லை. 1548-இல் திருத்தந்தை அங்கீகரித்த அவருடைய ஆன்மீகப் பயிற்சிகளில் பிறப்பைப் பற்றிய தியானம் இப்படிப் போகிறது. நாசரேத்திலிருந்து பெத்லகேம் போகும் வழியை மனக்கண்ணில் பார். நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, சமதரையா, பள்ளத்தாக்கும் மேடுமாகப் போகிறதா? குகை பெரிதா சிறிதா, தாழ்ந்ததா உயர்ந்ததா? மரியாள் கழுதைமேல் இருப்பதாகப் பக்தியோடு எண்ணிக்கொள்ளலாம் என்று எழுதும் அவர், ஒரு பணிப்பெண்ணையும் ஒரு மாட்டையும் தாமாகச் சேர்க்கிறார். லூக்கா விட்ட வெற்றிடத்தை நிரப்புவது இவருக்குக் குற்றமாகத் தெரியவில்லை. ஒரு நிபந்தனை மட்டும்: பார்ப்பவன் வெளியே நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. தகுதியில்லாத ஓர் ஏழைப் பணியாளாக அவர்களோடு போக வேண்டும், தேவைப்படுவதைச் செய்துகொடுக்க வேண்டும்.

மூன்றாவது குறிப்பில் இக்னாசியார் பாதையைப் பெத்லகேமோடு முடிக்க விடுவதில்லை. இவர்கள் நடந்து உழைப்பது ஆண்டவர் மிகுந்த வறுமையில் பிறப்பதற்காக; பிறந்தவர் பசி, தாகம், வெயில், குளிர், அவமானம் எல்லாம் பட்டுக் கடைசியில் சிலுவையில் சாவதற்காக; இத்தனையும் எனக்காக என்று எண்ணச் சொல்கிறார். பிறகு அதே நாளில் அதே தியானத்தைத் திரும்பவும் செய்யச் சொல்கிறார், ஒருமுறையல்ல, இருமுறை. திரும்பச் செய்யும்போது மனம் தெளிந்த இடத்திலும் ஆறுதல் கிடைத்த இடத்திலும் நின்று பார்க்க வேண்டும். மனம் வறண்டுபோன இடத்திலும் அதேபோல நிற்க வேண்டும் என்பது அவருடைய குறிப்பு.